இன்னிக்கு வள்ளுவர், சார்

எட்டாம் வகுப்பில் திருக்குறள் ஒப்பித்தல் போட்டியில் எனக்கு முதல் பரிசு. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு அதிகாரம் எடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்தது 93-வது அதிகாரம், கள்ளுண்ணாமை. பத்துக் குறளையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்து, ஒரு எவர்சில்வர் சோப்பு டப்பா வாங்கி வந்தேன். அதில் இப்போது என் மனைவி சில்லறை போட்டு வைக்கிறாள். நாற்பது வருஷம் கழித்து வள்ளுவர் அந்த டப்பாவுக்குக் கணக்குக் கேட்க ஊட்டிக்கே வருவார் என்று யார் கண்டது?

நான் குடிகாரன் இல்லை. குடிகாரனாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நேராகப் போய் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடிட் முடிந்த ராத்திரி, ஆபீஸ் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு பெக். என் சரித்திரம் அவ்வளவுதான். வாங்குவது, ஊற்றுவது, காலி பாட்டிலைக் கண்மறைவாக்குவது எல்லாம் அவர் இலாகா. ஐம்பத்திரண்டு வயது வரை நான் என் கையால் ஒரு பாட்டில் வாங்கியதில்லை. சமையல்கட்டுப் பக்கமே போகாமல் பந்தியில் மட்டும் உட்கார்ந்தே பழகினவன்.

அந்த நண்பர்தான் கிளப்பிவிட்டார். "பொங்கல் லீவுக்கு ஊட்டியா? தை மாசம் அங்க உறைபனிங்க. ராத்திரி ரெண்டு மூடி உள்ள போகலைன்னா காலையில எந்திரிக்கவே மாட்டீங்க." இது சுத்தப் பொய் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உள்ளே போனதும் தோலுக்கடியில் ரத்தக்குழாய் விரியும். அதனால் கதகதப்பாகத் தோன்றும். உடம்புச் சூடு அந்த வழியாகவே வெளியேறிவிடும். குளிரில் குடிக்கிறவன் ஸ்வெட்டரைக் கழற்றுகிறான் என்பதுதான் உண்மை. ஆனால் நமக்கு வேண்டிய பொய்யை ஒருவர் சொல்லும்போது குறுக்கே விஞ்ஞானம் பேச முடியுமா?

யாரிடம் வாங்குவது என்பதில் தமிழ்நாட்டில் குழப்பமே இல்லை. 1983-ல் தொடங்கிய டாஸ்மாக் முதலில் மொத்த வியாபாரம் மட்டும் பார்த்தது. 2003 கடைசியிலிருந்து சில்லறையும் அதனிடமே. நீலகிரி மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் மாவட்டம். இந்தப் பக்கம் இறங்கினால் கேரளத்தின் பெவ்கோ, அந்தப் பக்கம் இறங்கினால் கர்நாடகத்தின் தனியார் கடைகள். ஆனால் அங்கே வாங்கி இங்கே கொண்டுவந்தால் செக்போஸ்ட்டில் மானம் போகும். நட்சத்திர ஓட்டல் பார் இருக்கிறது. அங்கே ஒரு பெக்கின் விலையில் நாங்கள் தங்கிய லாட்ஜில் அரைநாள் தங்கலாம். ஆகவே, எங்கே வாங்குவது என்பதல்ல கேள்வி. எங்கே இருக்கிறது என்று யாரிடம் கேட்பது, அதுவும் எப்படிக் கேட்பது என்பதுதான்.

போனில் தேடலாமே என்பீர்கள். என் போனும் வீட்டு டேபும் ஒரே கணக்கில் ஓடுகின்றன. நான் தேடுவது, மாமியார் சீரியல் பார்க்கும் டேபில் போய்க் கை கட்டி நிற்கும். டிரைவரிடம் கேட்கலாமே என்பீர்கள். டிரைவர் மனைவியின் ஊர்ப் பையன். அவளை அக்கா என்பான். நான் தும்மினால்கூட அக்காவுக்குத் தகவல் போய்விடும்.

திருச்சியில் பொங்கலை முடித்துவிட்டு மறுநாள் விடியற்காலை கிளம்பினோம். மனைவி, மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள், நான். ஊட்டிக்கான இ-பாஸை மகள்தான் எடுத்தாள். வண்டி எண், ஆள் கணக்கு, தங்கும் நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. என் மனசில் இருந்ததைக் கேட்கவில்லை. கல்லாறு தாண்டியதும் மாமியார் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பித்தார். குன்னூருக்குள் பதினாலு. அருவங்காடு வந்தபோது மகள் போனைப் பார்த்துப் படித்தாள்: "அப்பா, 1857-லயே இங்க வெள்ளைக்காரன் பீர் காய்ச்சியிருக்கான். காசில் புருவரின்னு பேரு. 1915-ல அதையும் இன்னும் நாலையும் சேர்த்துத்தான் யுனைடெட் புருவரீஸ் ஆச்சாம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பி, "அப்படியா? தேயிலை எவ்வளவு பச்சையா இருக்கு பாரு" என்றேன். என் குரலில் ஏதோ தடுமாறியிருக்க வேண்டும். மனைவி ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

லாட்ஜில் பெட்டியை வைத்ததும், "ஒரு நடை நடந்துட்டு வரேன்" என்றேன். சாயங்காலம் ஐந்தரை. சேரிங்கிராஸ் முழுக்கக் குல்லாயும் சால்வையுமாக ஜனம். தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு ஒரு சங்கதி தெரியும். வெறுமனே 'கடை' என்று சொல்லி, குரலை அரை ஸ்தாயி இறக்கினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மளிகைக் கடைக்கு மளிகை வேண்டும், துணிக்கடைக்குத் துணி வேண்டும். அந்தக் கடைக்கு மட்டும் அடைமொழி வேண்டாம். ஆனால் அந்த இறக்கம் பழக்கத்தில் வரவேண்டும். எனக்கு வரவில்லை.

"தம்பி, இங்க கடை எங்க இருக்கு?"

"வர்க்கிக் கடையா சார்? இதோ." அவன் கை காட்டிய இடத்தில் ஒரு பெரியவர் ஏற்கனவே சாம்பிளை நீட்டிவிட்டார். வர்க்கி நல்ல பண்டம்தான். எங்கள் பக்கத்து மணப்பாறை முறுக்குக்கும் அதற்கும் 2023-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கிலோ வாங்கினேன். அடுத்து ஒரு ஆட்டோக்காரரிடம் இன்னும் கொஞ்சம் ரகசியமாக, "கடை…" என்றேன். "ஹோம்மேட் சாக்லேட்தானே சார், உக்காருங்க." அரைக் கிலோ. மூன்றாவதாக ஒருவரிடம், குளிருக்கு இதமாக ஏதாவது கிடைக்குமா என்று ஜாடையாகக் கேட்டேன். அவர் ரொம்ப அக்கறையாக நீலகிரித் தைலம் விற்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டார். சுத்தமான தைலம், இருநூறு மில்லி. நான் தேடி வந்த சரக்கின் குவார்ட்டரைவிட இருபது மில்லி கூடுதல்.

கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். மார்க்கெட் பக்கம் ஒரு சந்துக்கு வழி சொன்னார். மூன்று பையோடு போய் நின்றேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டு தொங்கியது. எனக்கு முன்பே ஏழெட்டுப் பேர் பூட்டைப் பார்த்து நின்றிருந்தார்கள், நடை சாத்தின கோயில் வாசலில் நிற்கிற மாதிரி. குரங்குக் குல்லாய் போட்ட ஒருவர் என் தோளைத் தொட்டுச் சொன்னார்:

"இன்னிக்கு வள்ளுவர், சார்."

தை இரண்டு. திருவள்ளுவர் தினம். கடை விடுமுறை. கள்ளுண்ணாமையில் முதல் பரிசு வாங்கின ஒருவன் தமிழ்நாட்டில் உண்டென்றால், அவனுக்காவது இது ஞாபகம் இருந்திருக்க வேண்டாமா?

மறுநாள் தலைகுந்தாவில் புல்லெல்லாம் உப்புத் தூவினது போல் வெள்ளையாகக் கிடந்தது. மாமியார் குனிந்து கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். தொட்டபெட்டா, பூங்கா, படகு எல்லாம் உண்டு. எல்லாரும் எழுதியிருப்பதால் விடுகிறேன். நான் ஏழு மணிக்காகக் காத்திருந்தேன். கடை பகல் பன்னிரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை. "கேரட் வாங்கிட்டு வரேன்" என்றேன். ஊட்டியில் கேரட்டுக்கு மறுபேச்சு கிடையாது.

கம்பிக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார், "என்ன சார்?"

"விஸ்கி."

"எதுல சார்?"

"நல்லதா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். விற்பனையாளர் சிரிக்கவில்லை. பொறுமையாக, "குவார்ட்டரா, ஆஃபா, ஃபுல்லா?" என்றார். இங்கேதான் என் உத்தியோகப் புத்தி விழித்துக்கொண்டது. குவார்ட்டர் 180 மில்லி. இரண்டு குவார்ட்டர் 360. ஆனால் ஆஃப் 375. நாலு குவார்ட்டர் 720, ஃபுல் 750. அப்படியானால் பதினைந்தும் முப்பதும் எந்தக் கணக்கில் வருகிறது? பேருக்கும் அளவுக்கும் ஏன் டேலி ஆகவில்லை? நான் விரலை மடக்கிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, கணக்க வீட்ல போய்ப் போடுங்க. கை விறைக்குது."

ஒரு குவார்ட்டர் வாங்கினேன். பத்து ரூபாய் சேர்த்து வாங்கினார்கள். அது பாட்டிலுக்கான முன்பணம், காலியைத் திருப்பிக் கொடுத்தால் திரும்ப வரும். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானைக் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 மே மாதம் நீலகிரியில்தான் இந்த ஏற்பாடு முதலில் வந்தது. அப்போது இதை நான் காதில் வாங்கவில்லை. கேரட்டுக் கட்டுக்கு நடுவில் பாட்டிலைச் செருகுவதில் இருந்தேன்.

ராத்திரி பத்தரை. எல்லாரும் படுத்தாயிற்று. பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். கலக்கத் தண்ணீர் வேண்டுமே. இந்த மலையில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்கத் தடை. கையில் சிக்கியது மாமியாரின் ஃபிளாஸ்க்தான். பல் விளக்கும் டம்ளரைக் கழுவி, விஸ்கியை ஊற்றி, ஃபிளாஸ்கைச் சாய்த்தேன். ஆவி வந்தது. கூடவே ஒரு வாசனை வந்தது. ஒரு வாய் குடித்த பிறகுதான் புரிந்தது, அது சீரகத் தண்ணீர். இந்த உலகத்தில் வெந்நீரில் சீரகம் போட்டு விஸ்கி குடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ரசத்தில் யாரோ வார்னிஷ் கலந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் இருப்பு வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. கமோடு மூடியின் மேல் உட்கார்ந்து, பல் கிடுகிடுக்க, 180 மில்லியையும் நேர் செய்தேன். ஜீரணம் மட்டும் பிரமாதம்.

வாடை தெரியக் கூடாதென்று நெற்றி, கழுத்து, மார்பு எல்லாம் நீலகிரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். இருட்டிலிருந்து மாமியார் குரல்: "மாப்பிள்ளைக்கு நீர்க்கோவை போலிருக்கு. ஃபிளாஸ்க்ல சீரகத் தண்ணி இருக்கு, குடிக்கச் சொல்லும்மா."

காலையில் மனைவி பெட்டி அடுக்கினாள். காலி பாட்டிலை நான் கம்பளிச் சாக்ஸுக்குள் விட்டிருந்தேன். அறைக் குப்பைக்கூடையில் போட்டால் ரூம் பையன் பார்ப்பான். வெளியே எறிந்தால் யானை மிதிக்கும். சாக்ஸை எடுத்தவள் கனத்தைப் பார்த்தாள். உதறினாள். பாட்டில் மெத்தையில் விழுந்தது. என் இருபத்தாறு வருஷத்து இல்லறம் கண்முன் ஓடியது. அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பாட்டிலைத் திருப்பி, ஸ்டிக்கரைப் படித்தாள்.

"என்னங்க, இதைக் கொடுத்தா பத்து ரூபா தருவாங்களாமே?"

"ஆமா… அது வந்து…"

"எங்க?"

"கடையில."

"எந்தக் கடை?"

"கடைம்மா. கடை." குரல் தானாக இறங்கியது. முதல் தடவையாகச் சரியான ஸ்தாயி.

பத்து மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டோம். கடை பன்னிரண்டுக்குத்தான். இரண்டு மணி நேரம் குடும்பமே வண்டியில் காத்திருந்தது, மாமியாருக்கு மட்டும் காரணம் சொல்லப்படாமல். சந்துக்கு வழி சொல்ல நான் வாயெடுத்தேன். டிரைவர் முந்திக்கொண்டான்: "எனக்குத் தெரியும்க்கா. ரெண்டு நாளா சார் அந்தப் பக்கம்தான் சுத்திட்டிருந்தாரு. எங்கிட்ட கேட்டிருந்தா லாட்ஜ் வாசல்லயே ஒண்ணு இருக்கே."

மனைவி மஞ்சப்பையில் பாட்டிலைப் போட்டுக்கொண்டு தானே இறங்கிப் போனாள். நான் முன்சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். "அக்காவுக்கு வழி விடுங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது. குரங்குக் குல்லாய்க்காரர் குரல் மாதிரி இருந்தது. மூன்றே நிமிஷத்தில் பத்து ரூபாய் நாணயத்தோடு திரும்பி வந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதுக்கா ஒரு கிலோ வர்க்கி?"

நாணயம் சோப்பு டப்பாவுக்குப் போய்விட்டது. வர்க்கியில் பாதிதான் தீர்ந்திருக்கிறது. தைலம் அப்படியே இருக்கிறது. திருச்சிப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.