பலாவின் விலை ரகசியமா?

கேள்வி: கொல்லிமலைக்கே 70 கொண்டை ஊசி வளைவு போட்டு வழி கண்டுவிட்டோம். புரோகிராமில் 'பிரைவேட்' என்று பூட்டிய மெம்பரைத் தொட வழியே இல்லையா? (செம்மேடு வாசகர் ஒருவர்)

பதில்: மொழியைப் பொறுத்தது. பைத்தானில் பூட்டே கிடையாது, பெயரை மாற்றி வைப்பதோடு சரி. பைத்தான் 3 தமிழ் எழுத்தையும் ஏற்கும் என்பதால் உங்கள் ஊர்ச் சரக்கிலேயே பார்ப்போம். 'பலா' என்ற கிளாஸுக்குள் '__விலை' என்று ஒளித்து வையுங்கள். வெளியே நின்று '_பலா__விலை' என்று கேட்டால் கக்கிவிடும். சோளக்காடு சந்தை வியாபாரிகூட இத்தனை சுலபத்தில் விலையைச் சொல்ல மாட்டார்!

சி++இல் கிளாஸை எழுதியவரே உங்களை 'ஃப்ரெண்ட்' என்று அறிவித்தால் உள்ளே போகலாம். (மாமன் மச்சான் சிபாரிசு கம்பைலரிடமும் செல்லும்.)

ஜாவாவில் ரிஃப்ளெக்ஷன் என்ற கள்ளச்சாவி உண்டு. நம் கிளாஸ்களை அது திறக்கும். ஆனால் ஜாவாவின் சொந்த உள்ளறைகளை 2021இல் வந்த ஜாவா 17 இறுகப் பூட்டிவிட்டது. புரோகிராமைக் கிளப்பும்போதே '--ஆட்-ஓபன்ஸ்' என்று மனுப் போட்டால்தான் கதவு அசையும்.

நானும் ஒருமுறை ஒரு லைப்ரரிக்குள் இப்படிப் புகுந்தவன்தான். அடுத்த வெர்ஷனில் அந்த மெம்பரையே காணோம். 70 வளைவையும் ரிவர்ஸிலேயே இறங்கினேன்.