ஜெனரல் மருமகனுக்கு

மருமகன், இஞ்ச கொஞ்சம் இரிங்க. குறை நினைக்கப்படா, மாமா நல்லதுக்குத்தான் சொல்றன். கட்டாரால வரக்குள்ள எல்லாரும் டீவி, பேரீச்சம்பழம் எண்டு கொண்டு வருவாங்க. நீங்க பெட்டியில மடிச்சு ஒரு யுத்தத்தையே கொண்டு வந்திரிக்கீங்க. சந்தோசம்.

விறாந்தையில நீங்களும் மச்சானும் குந்திக்கிட்டு விளையாடுறதப் பார்த்துக்கிட்டுத்தான் இரிக்கன். ஆறு மூலைக் கட்டம் போட்ட மொறோக்கோ படம். சின்னச் சின்ன மட்டைக் காய், சண்டைக்கு ஒரு இலக்கம், நடைக்கு ஒரு இலக்கம். 1921இல ஸ்பெயின் படை றிஃப் மலைக்குள்ள போன கதை. அதில நீங்க ஸ்பெயின்! எங்கட மாப்பிள்ளை, றிஃப்காரர்ட தலைவர் அப்துல் கரீமுக்கு எதிராத் தாயக்கட்டை உருட்டுறார் எண்டு பள்ளியில ஆரும் கேட்டா, நான் வாய் திறக்கமாட்டன்.

ஆனா, விதிப் புத்தகத்தில சாப்பாடு தண்ணி கொண்டுபோற அத்தியாயம் வந்த உடனே "இது கரைச்சல், விடு மச்சான்" எண்டு பக்கத்தைப் புரட்டினீங்களே, அப்பவே விளங்கிட்டு, நீங்க அசல் ஜெனரல் சில்வெஸ்ட்ரேதான். அந்த ஸ்பெயின் மனிசனும் மெலில்லாவில இருந்து மேற்கால விழுந்தடிச்சுப் போய் மலைக்கு மலை காவலரண் போட்டார். உள்ளுக்க துவக்கு இரிந்த, கொடி இரிந்த, தண்ணி இல்ல. கோவேறு கழுதையில வரணும். இகெரிபென் எண்ட அரணை றிஃப்காரர் வளைச்சுப் போட்டாங்க. ஜூலை வெயில். உள்ளுக்க கிடந்தவங்க வினாகிரி குடிச்சாங்க, சென்ட் குடிச்சாங்க, எழுதுற மையைக் குடிச்சாங்க, கடைசியில மூத்திரத்துக்குச் சீனி போட்டுக் குடிச்சாங்க. 21ஆம் திகதி அரண் விழுந்திச்சு. அடுத்த நாள் அன்வாலில இரிந்த ஸ்பெயின் முகாமே சிதறி ஓடினது. ஸ்பெயின் அரசாங்க விசாரணைக் கணக்கிலயே அவங்கட பக்கம் செத்தவங்க 13,000க்கு மேல.

கிட்டங்கித் தாம்போதிக்கு மேல வெள்ளம் பாயக்குள்ள நாவிதன்வெளியில இருந்து கல்முனைக்கு ஒரு மூடை நெல்லு கொண்டுபோய்ப் பாருங்க, அந்த அத்தியாயம் தன்னால மனப்பாடமாகும்.

அப்துல் கரீம் லேசுப்பட்ட ஆள் இல்ல. மெலில்லாவிலயே காதியா இரிந்தவர், ஸ்பெயின்காரன்ட பத்திரிகையிலயும் எழுதினவர். எதிரிட வீட்டுக் குசினிவரைக்கும் தெரியும். பிறகு 1925இல பிரான்சையும் சேர்த்துச் சீண்டினதுதான் வினை. ரெண்டு பேரும் ஒண்டாச் சேர்ந்து அமுக்கி, 1926இல சரணடைய வச்சாங்க. ரீயூனியன் தீவில கொண்டுபோய் விட்டாங்க, நம்ம தமிழாக்கள் கரும்பு வெட்டப் போன அதே தீவு. 1947இல பிரான்சுக்கு ஏத்திப் போற கப்பல் எகிப்தில நிக்கக்குள்ள மனிசன் இறங்கிட்டார், திரும்பி ஏறவே இல்ல. அதுக்குத் தாயக்கட்டையில எத்தனை விழணுமாம்? புத்தகத்தில பார்த்துச் சொல்லுங்க.

அது கிடக்கட்டும். நீங்க அஸருக்குப் போன நேரம் மச்சான் அந்த அத்தியாயத்தை வரி வரியா வாசிச்சான். வயலுக்குத் தண்ணி கட்டுறவன்தானே. இப்ப உங்கட கழுதைப் பாதையில ரெண்டு காய் வச்சிட்டு ஒண்டும் தெரியாத ஆள் போல இரிக்கான். மகளிட்டச் சொல்லி அந்தச் சீனிப் போத்தலைக் கிட்ட எடுத்து வைங்க.