ஞாயிற்றுக்கிழமை பஃபேயில் பன்னாட்டுக் கூறுகள்: ஓர் ஆய்வு

முன்னுரை

உலகம் தோன்றிய நாள்தொட்டு மனிதன் உண்டு வருகிறான். (ஆய்வேட்டின் முதல் வாக்கியத்திலேயே உலகம் தோன்றியாக வேண்டும் என்பது எழுதாத விதி. அதை மீறிவிட்டு வாய்மொழித் தேர்வில் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் திராணி இல்லை.) அப்படி உண்டு வரும் மனிதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைத்துனருக்குப் பதவி உயர்வு கிடைத்ததை முன்னிட்டு, சென்னையில் நட்சத்திர ஓட்டல் ஒன்றில் குடும்பத்தோடு உண்ண நேர்ந்தது. அதன் விளைவே இவ்வாய்வு.

ஆய்வின் எல்லை பகல் 12.30 முதல் 3.30 வரை. முதன்மைத் தரவு என் தட்டு. துணைமைத் தரவு பெரியப்பாவின் தட்டு. நிதிநல்கை மைத்துனர். நல்கைத் தொகை தலைக்கு 2,400 ரூபாயும், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும். எனவே மைத்துனரின் கருத்துகளை இவ்வாய்வு எங்கும் மறுக்காது. நல்கை பெறும் பிற ஆய்வுகளும் இப்படித்தான். அவை வெளியே சொல்வதில்லை, அவ்வளவே.

சொல்லாராய்ச்சி

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் பிரஞ்ச் போறோம்" என்று மைத்துனர் போனில் சொன்னதும், "பாண்டிச்சேரிக்கா?" என்று கேட்டார் பெரியப்பா. வீடே சிரித்தது. ஆய்வுலகம் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடங்கள் இரண்டு. இது முதலாவது.

பிரஞ்ச் என்ற சொல்லை அச்சேற்றியவர் கை பெரிங்கர் என்னும் ஆங்கிலேயர். 1895இல் 'ஹன்டர்ஸ் வீக்லி' இதழில் அதற்காக வாதாடிக் கட்டுரையே எழுதினார். சனிக்கிழமை இரவு கொண்டாடிவிட்டு ஞாயிறு நேரம் கழித்து எழுபவர்களின் பாவத்தைப் பார்த்து, காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக ஒட்டிப் போடுங்கள் என்பது அவர் வாதம். ஆனால் பஃபே என்ற சொல்லோ பிரெஞ்சு. பாத்திரம் பண்டம் வைக்கும் பக்க மேசைக்குப் பெயர். ஆக, பெரியப்பா சொன்னது பாதி சரி. நம் ஆய்வேடுகளின் சராசரியை நோக்க, பாதி சரி என்பது முதல் வகுப்பு.

ஜப்பானியர் பஃபேயை 'வைக்கிங்' என்கிறார்கள். தோக்கியோ இம்பீரியல் ஓட்டல்காரர்கள் சுவீடன், டென்மார்க் பக்கத்து ஸ்மோர்கஸ்போர்டு விருந்தைப் பார்த்து 1958இல் தங்கள் ஓட்டலில் அப்படியொரு மேசையை விரித்தார்கள். பெயர் வாயில் நுழையவில்லை. அப்போது ஓடிக்கொண்டிருந்த 'தி வைக்கிங்ஸ்' படத்தின் பெயரை எடுத்து வைத்துவிட்டார்கள். வடகடல் கொள்ளையர் பெயரைச் சாப்பாட்டுக்கு வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இறால் தட்டு வந்து இறங்கும்போது எங்கள் மேசையைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும் (மைத்துனர், வாய்மொழி).

தமிழ்ப் பந்தியில் மனிதன் அசையாமல் இருப்பான், சோறு நடந்து வரும். பஃபேயில் சோறு அசையாமல் இருக்கும், மனிதன் நடப்பான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று முன்னோர் இரண்டையும் பிரித்து வைத்தார்கள். பஃபேயில் இரண்டும் ஒன்று.

உண்போர் வகை

சாலட்டில் தொடங்குவோர்: இவர்கள் பிறர் பார்வைக்காக உண்பவர்கள்.

சூப் குடிப்போர்: இவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ரவுண்டு வருவோர்: கையில் தட்டே எடுக்காமல் முதலில் ஒரு முழுச் சுற்று வந்து, எல்லா மூடியையும் திறந்து பார்த்து, எதையும் தொடாமல் மேசைக்குத் திரும்பி, "ஒண்ணும் பெரிசா இல்ல" என்று அறிவித்துவிட்டு, பிறகு நான்கு தட்டு சாப்பிடுபவர்கள். ஆய்வு நெறியாளர்கள் பெரும்பாலும் இந்த வகை. (என் மனைவி, வாய்மொழி, தம் அண்ணனைக் குறித்துச் சொன்னது, பெயரிட்டு மேற்கோள் காட்ட அனுமதி மறுக்கப்பட்டது.)

வசூல்காரர்: 2,832 ரூபாயை எத்தனை இறால் ஈடு செய்யும் என்று கணக்கிடுபவர். இவரை ஆராயும்போது கவனம் தேவை; ஏனெனில் பஃபே ஆராய்ச்சி ஆளையே விழுங்கிய துறை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரையன் வான்சிங்க் என்ற பேராசிரியர், இத்தாலிய பஃபே ஒன்றில் பீட்சா தின்றவர்களிடம் திரட்டிய தரவிலிருந்து நான்கு கட்டுரைகள் எடுத்தார். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம், குழிப்பணியாரம் ஊற்றும் நம் வீட்டுக் கலைதான் அது. ஆனால் மாவு புளித்துவிட்டது. 2017இல் வேறு மூன்று ஆய்வாளர்கள் நான்கையும் கூட்டிக் கழித்துப் பார்த்து ஏறக்குறைய 150 முரண்கள் என்றார்கள். தங்கள் கட்டுரைக்குப் 'புள்ளியியல் நெஞ்செரிச்சல்' என்று பெயரும் வைத்தார்கள். 2018இல் பல்கலைக்கழகமே ஆய்வு முறைகேடு என்று சொல்லிவிட்டது, பேராசிரியர் பதவி விலகினார். என் தரவு ஒரே வயிறு. முரண் இருந்தாலும் வெளியே தெரியாது.

பன்னாட்டுத் தன்மை

வாசலில் இருந்த பலகை 'பன்னாட்டு உணவுகள்' என்றது. இந்த அடைமொழியின் இலக்கணத்தை அறிய நம் கல்லூரிகளைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒருவர் வந்து குத்துவிளக்கு ஏற்றினால், அல்லது திரையில் தோன்றி "என் குரல் கேட்கிறதா?" என்று இரண்டு முறை கேட்டால், கருத்தரங்கம் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆகிவிடும். ஓட்டல்காரர்கள் பின்பற்றுவதும் இதே நூற்பாவைத்தான். ஒரு பாஸ்தா போதும்.

எனினும் நாடு வாரியாகக் கடவுச்சீட்டைச் சரிபார்த்தேன். சீனப் பகுதியில் இருந்தது கோபி மஞ்சூரியன். மஞ்சூரியன் பிறந்த ஊர் மும்பை. 1970களில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் அங்கே கோழியை வைத்துத் தொடங்கியது. மஞ்சூரியாவுக்கு இந்த விவரம் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ரோமாபுரிச் சக்கரவர்த்தியை நினைவூட்டும் சீசர் சாலட், மெக்சிகோவின் திகுவானா நகரில் சீசர் கார்தினி என்பவரின் உணவகத்தில் 1924இல் உருவானது. அன்னாசிப் பழம் போட்ட ஹவாய் பீட்சாவை 1962இல் கனடாவில் சுட்டவர் ஒரு கிரேக்கர். ரஷ்ய சாலட்டை மாஸ்கோவில் கலக்கியவரின் பெயர் ஒலிவியே. ரஷ்யப் பெயராகத் தோன்றவில்லை.

கடைசி மூலையில், 'சவுத் இந்தியன்' என்ற பலகையின் கீழ், தாழ்வு மனப்பான்மையோடு இட்லி இருந்தது. அந்த இட்லியின் ஆவியில் வேகவைக்கும் முறையே இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று உணவு வரலாற்றாசிரியர் கே.டி.அச்சயா ஊகித்திருக்கிறார். பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில் 'இட்டலிகே' வருகிறது. கடல் கடந்த சந்தேகம் ஒன்று, அண்டை மொழிச் சான்று ஒன்று. அந்தக் கூடத்தில் இருந்த பண்டங்களில் பன்னாட்டுத் தகுதிக்கு முறையாக விண்ணப்பிக்கக் கூடியது இட்லி ஒன்றுதான். அதன் பக்கம் யாரும் போகவில்லை, பெரியப்பாவைத் தவிர.

பாடபேதம்

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருகிறோம்.

பெரியப்பா மூன்று இட்லியும், பக்கத்துக் கிண்ணத்திலிருந்து இரண்டு கரண்டி சட்னியும் எடுத்து வந்தார். கிண்ணத்தின் முன்னால் 'கோகனட் சட்னி' என்று சீட்டு இருந்தது. ஒரு விள்ளல் தொட்டுத் தின்றார். "டேய், இதுல உப்பில்லடா" என்றார். அவ்வழியே போன பணியாளர் குனிந்து பார்த்து, மிக மெதுவாக, "சார், அது ஹம்மஸ்" என்றார்.

மேசையில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. ஆய்வாளன் சிரிக்கவில்லை, எழுந்து போய்ச் சீட்டைப் பார்த்தான். சீட்டு 'கோகனட் சட்னி', பொருள் ஹம்மஸ். நான்கு கிண்ணம் தள்ளி 'ஹம்மஸ்' என்ற சீட்டின் பின்னால், கடுகு கறிவேப்பிலையோடு, தன் பெயர் பறிபோனது தெரியாமல் சட்னி இருந்தது. உ.வே.சா. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஒரு சொல்லை முடிவு செய்யப் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. எனக்குக் கிடைத்தவை இரண்டே சீட்டுகள். இரண்டும் லேமினேஷன் செய்யப்பட்டிருந்தன. கரையான் கூட உதவாது.

சீட்டு ஏன் மாறியது? இதில் அறிஞர்கள் மூன்று பிரிவு.

முதல் பிரிவினர் ஏ.சி. கொள்கையினர். மேலே இருக்கும் காற்றுத் துளையிலிருந்து வந்த காற்றில் சீட்டு விழுந்திருக்கும், யாரோ எடுத்து இடம் மாற்றி வைத்திருப்பார்கள் என்பது இவர்கள் துணிபு (மைத்துனர், வாய்மொழி, இரண்டாம் தட்டு, கையில் நண்டு). மைத்துனர் கருத்தாதலால் இதை நான் மறுக்கவில்லை.

இரண்டாம் பிரிவினர் இடைச்செருகல் கொள்கையினர். என் மருமகன், வயது 9, தானே சீட்டுகளை மாற்றி வைத்ததாக ஒப்புக்கொண்டான். சாதாரண மனிதர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஒரு பிரதியைப் பற்றி அதை எழுதியவன் சொல்வதைப் பொருட்படுத்தக் கூடாது, ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரொலான் பார்த் 1967இலேயே அறிவித்துவிட்டார். மருமகன் அப்போது மூன்றாவது ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான் என்பது கோட்பாட்டைப் பாதிக்காது. எனவே அவன் வாக்குமூலம் தள்ளப்படுகிறது.

மூன்றாம் பிரிவு நான். நச்சினார்க்கினியர் வழி. எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்து வந்து வேறெங்கோ கிடக்கும் சொல்லோடு பூட்டிப் பொருள் காண்பதில் அவருக்கு நிகரில்லை, மாட்டு என்பார்கள். அவர் பார்த்திருந்தால் சீட்டைத் தொடவே மாட்டார். 'கோகனட் சட்னி' என்பதை ஐந்தாம் கிண்ணத்தோடும், 'ஹம்மஸ்' என்பதை முதற் கிண்ணத்தோடும் கூட்டி, இடையிலுள்ள மூன்று கிண்ணங்களைக் கிடந்தவாறே விட்டு, 'இவ்வாறு கொள்ளாக்கால் இட்லி சுவையாதென்க' என்று முடித்திருப்பார். சீட்டில் பிழை இல்லை. படிப்பவனிடம்தான் பிழை.

அடுத்து, பெரியப்பாவின் கூற்று. அவர் வாயில் இட்லி இருந்தபோது சொன்னதால் பாடம் தெளிவாக இல்லை. 'உப்பில்லடா' என்பது பணியாளர் உட்படப் பெரும்பான்மையோர் கொண்ட பாடம். 'ஒப்பில்லடா' என்றும் ஒரு பாடம் உண்டு (என் மனைவி, வாய்மொழி, அன்றிரவு 11 மணி, விளக்கணைத்த பின், தூக்கக் கலக்கத்தில், மறுநாள் காலை மறுத்தார், மறுப்பும் கலக்கத்தில் இருந்ததால் இரண்டும் சம வலிமை உடையன). பிந்தைய பாடத்தைக் கொண்டால் பெரியப்பா ஹம்மஸை ஒப்பில்லாதது என்று போற்றியதாக ஆகும். ஒரேயோர் உயிரெழுத்து. இதைவிடச் சிறிய வேறுபாட்டை வைத்து நம் அறிஞர்கள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாமல் இருந்திருக்கிறார்கள்.

இனிப் பொருளாராய்ச்சி. ஹம்மஸ் என்ற அரபுச் சொல்லுக்கே கொண்டைக்கடலை என்றுதான் பொருள். நம் ஓட்டல் சட்னி கெட்டியாக இருப்பதற்குக் காரணம் தேங்காய் அல்ல, பொட்டுக்கடலை. தேங்காய் விலை ஏற ஏற அதில் பொட்டுக்கடலையும் ஏறும் என்பது சமையலறை அறிந்த உண்மை. பொட்டுக்கடலையும் கொண்டைக்கடலையும் வேறல்ல. இரண்டும் 'சைசர் அரியெட்டினம்' என்ற ஒரே செடியின் பிள்ளைகள். ரோம நாவலர் சிசரோவின் குடும்பப் பெயரே அந்தக் கடலையிலிருந்து வந்தது. முன்னோர் ஒருவருடைய மூக்கு நுனி கடலை போல் பிளந்திருந்ததாக புளூட்டார்க் எழுதுகிறார். ஹம்மஸில் மேலும் அரைத்த எள் சேர்கிறது. இட்லிப் பொடியில் எள் சேர்ப்பவர்கள் நாம். மேலே ஊற்றுவது அவர்களுக்கு ஆலிவ் எண்ணெய், நமக்கு நல்லெண்ணெய். ஆகவே பெரியப்பா இட்லிக்குத் தொட்டுக்கொண்டது கடலைச் சட்னியும் இட்லிப் பொடியும் எண்ணெயும் ஒரே கிண்ணத்தில் கூடிய ஒன்று. உப்பு மட்டும் குறைவு. அதையும் அவர் சரியாகவே சொன்னார். ஆய்வுலகம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இரண்டாம் இடம் இது.

ஹம்மஸை அற்பம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அது யாருக்குச் சொந்தம் என்பதில் லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் தீராத வழக்கு. 2010இல் லெபனான் சமையல்காரர்கள் முந்நூறு பேர் சேர்ந்து 10,452 கிலோ ஹம்மஸ் அரைத்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஏன் 10,452? அந்த நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு ஒரு கிலோ. ஒரு நாட்டின் நிலப்பரப்பே அங்கே கரண்டியால் அளக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பெரியப்பா தொட்டுக்கொண்ட இரண்டு கரண்டி, ஒரு சிற்றூரின் எல்லைப் பிரச்சினைக்குப் போதும். (பெரியப்பா, வாய்மொழி, காரில் திரும்பும்போது, முன் இருக்கை, சீட் பெல்ட் இறுக்கத்தில்: "எனக்கு ஒரு தயிர்சாதம் கிடைச்சிருந்தா இத்தனை பேச்சு வந்திருக்காது.")

பின்னுரை

இவ்வாய்வை ஒரு கல்லூரியின் பன்னாட்டுக் கருத்தரங்கத்துக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஏற்பு வந்துவிட்டது. யாரும் படித்ததற்கான அடையாளம் இல்லை. பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். அதற்குச் சான்றிதழ், ஐஎஸ்பிஎன் எண் கொண்ட ஆய்வுக்கோவையில் ஐந்து பக்கம், மதிய உணவு. உணவு என்ன என்று விசாரித்தேன். பஃபேயாம். கோபி மஞ்சூரியன் உண்டாம். அப்படியென்றால் பன்னாட்டுக் கருத்தரங்கம்தான் என்று உறுதி செய்துகொண்டு பணத்தைக் கட்டிவிட்டேன். பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார். பார்வையாளருக்குக் கட்டணம் தனியா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.