ஐந்தாம் கட்டிலும் ஆதார் பிறந்தநாளும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில் நான் டியூட்டிக்குச் சேர்ந்தபோது நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது. அட்மிஷன் நோட்டில் இருக்கும், எங்கள் வாயில் வராது. ‘அஞ்சுக்கு ஊசி’, ‘பன்னெண்டுக்கு எனிமா’, ‘எட்டு இன்னிக்கு டிஸ்சார்ஜ்’ என்றுதான் பேச்சு. கட்டில்தான் ஆள். ஐந்தாம் கட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது. சித்திரை பிறந்துவிட்டால், விளக்கணைத்த பிறகு ஐந்துக்கும் ஒன்பதுக்கும் ரகசிய உடன்படிக்கை ஏற்படும். காலையில் ஊசியோடு போனால், ஐந்தில் ஒன்பது படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

“நீங்கதானே முனியம்மா?” என்று கேட்டால் எந்தப் பாட்டியும் “ஆமாங்கம்மா” என்றுதான் சொல்லும். வெள்ளைத் தொப்பி போட்டவள் கேட்கும்போது இல்லை என்பது மரியாதையா? அதனால் எங்கள் வார்டு சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்வார்: “பேரை நீ சொல்லாதே. அவங்க வாயால சொல்ல வை.” இது எங்கேயும் எழுதி ஒட்டப்படவில்லை.

இப்போது எழுதி ஒட்டியிருக்கிறார்கள். போன வருஷம் அத்தையை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மணிக்கட்டில் பார்கோடு பட்டை. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு பெண் வந்து, “பாட்டி, பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க” என்பாள். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தவள் அத்தை. ஆதார் எடுத்த புண்ணியவான் ஜனவரி 1 என்று போட்டுவிட்டான். அத்தை ஆடி என்பாள், பட்டை ஜனவரி என்னும், மாத்திரை நடுவில் காத்திருக்கும். கடைசியில் நானே பாடம் நடத்தி, தப்பான தேதியைத் தப்பில்லாமல் சொல்லப் பழக்கினேன். அடையாளச் சரிபார்ப்பு அதன் பிறகு நூற்றுக்கு நூறு.

கை கழுவும் கதையும் இதே ரகம். அன்று வார்டு வாசலில் முக்காலி மேல் ஒரு எனாமல் பேசின், அதில் டெட்டால் தண்ணீர், பக்கத்தில் ஒரு துண்டு. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால், மாணவி பேசினைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக வேண்டும். ஒரு நோயாளியைப் பார்ப்பார், கையை முக்குவார், துடைப்பார், அடுத்த கட்டில். முதல் கட்டிலில் தண்ணீர் பால்வெள்ளையாக இருக்கும். கடைசிக் கட்டிலில் என்ன நிறம் என்று கேட்கக் கூடாது. பிரசவ வார்டுக்குள் நுழையுமுன் குளோரின் நீரில் கை கழுவச் சொல்லி, வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் தாய்மார் சாவைக் குறைத்துக் காட்டியது 1847இல். அந்தச் சேதி எங்கள் மாவட்டத்துக்குப் பேசினாக வந்து சேர்ந்திருந்தது.

இன்று கட்டிலுக்குக் கட்டில் ஒரு ஹேண்ட் ரப் பாட்டில். சுவரில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து தருணங்கள்: நோயாளியைத் தொடுமுன், சுத்தம் தேவைப்படும் சிகிச்சைக்கு முன், ரத்தமோ உடல் கசிவோ பட நேர்ந்தபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டபின். ஐந்தும் உயிர்காக்கும் விதிகள். ஆறாவது தருணம் ஒன்று சுவரில் இல்லை: ஆடிட் குழு லிஃப்டை விட்டு இறங்கும்போது. அந்த ஆறாவதைத் தவறவிட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஊசியைப் பற்றி ஏக்கத்தோடு பேச எதுவுமில்லை. கண்ணாடி சிரிஞ்சில் குழாய்க்கும் பிஸ்டனுக்கும் நம்பர் பார்த்து ஜோடி சேர்ப்போம். ஊசி முனையைப் பஞ்சில் மெல்ல இழுத்துப் பார்ப்போம். இழை சிக்கினால் முனை வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கல்லில் தீட்டி, ஸ்டெரிலைசரில் போட்டு, மறுபடி அடுத்த ஆளுக்கு. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது. அதன் பிறகுதான் அந்த ஸ்டெரிலைசர் உண்மையில் கொதிக்கிறதா, வெறுமனே ஆவி விடுகிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தோம்.

முதுகு பராமரிப்புக்கும் அதே கதி. சிவந்த எலும்பு மேட்டில் ஸ்பிரிட் தடவி அழுத்தித் தேய்த்து, பவுடர் போட்டு, ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பது அந்தக் காலத்துத் தங்கப் பதக்கச் சேவை. தேய்த்தால் உள்ளே தசை நையும், வளையம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்று இன்றைய பாடப்புத்தகம் இரண்டையும் அடித்துவிட்டது. அடிபடாமல் மிஞ்சியது ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பதுதான். அன்று அதற்கு ஆள் போதவில்லை. இன்று காற்று மெத்தை வந்துவிட்டது, ஆள் எதற்கு என்கிறார்கள்.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடக் கூடாது. கடிகாரத்தைப் பார்ப்பதுபோலவே நின்று, ஓரக்கண்ணால் நெஞ்சு ஏறி இறங்குவதை முழு நிமிடம் எண்ண வேண்டும். பரீட்சையில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். வார்டில் எல்லா நோயாளியும் நிமிடத்துக்கு 20 முறை ஒற்றுமையாக மூச்சு விட்டார்கள். சார்ட்டை எடுத்துப் பாருங்கள்.

முடிவெடுக்கும் உரிமை எங்களுக்கு இருந்ததா? டிஜாக்சின் மாத்திரைக்கு முன் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து இதயத் துடிப்பை முழு நிமிடம் எண்ண வேண்டும், 60க்குக் கீழே போனால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது பாடம். ஒருநாள் ஒரு பெரியவருக்கு 52. நிறுத்தி வைத்துச் சொல்லியும் அனுப்பினேன். டாக்டர் காலையில்தான் வந்தார். “உன்னை யாரும்மா முடிவெடுக்கச் சொன்னது?” என்று வார்டே கேட்கும்படி கேட்டார். பிறகு தானும் ஒரு நிமிடம் எண்ணினார். கேஸ் ஷீட்டில் ‘டிஜாக்சின் நிறுத்தவும்’ என்று எழுதி, முந்தின நாள் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். முடிவு அவருடையதாகிவிட்டது. பெரியவர் பிழைத்தார், அதனால் எனக்கு வருத்தமில்லை.

அத்தைக்கு வருவோம். மூன்றாம் நாள் ராத்திரி அவள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் துண்டுதுண்டாகப் பேசினாள்.

“சிஸ்டர், மூச்சு வாங்குதே?”

“சாச்சுரேஷன் 97 இருக்கே ஆன்ட்டி.”

இருந்தது, முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கும் இருந்தது. டேப்லெட்டில் மூச்சு எண்ணிக்கை 18. இருபதிலிருந்து இரண்டு குறைந்திருக்கிறதே, முன்னேற்றம்தான். பிரிட்டனில் 2012இல் வெளியிட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 25ஐத் தொட்டாலே உச்சமான 3 மதிப்பெண். ஆக்சிஜன் வைத்திருந்தால் அதற்குத் தனியாக 2. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. “ஒரு நிமிஷம் எண்ணிப் பாரும்மா” என்றேன்.

எண்ணினாள். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணினாள், எந்தப் புண்ணியவதி சொல்லிக்கொடுத்தாளோ. 32. சலைனை மூடினாள், தலைப்பக்கத்தை உயர்த்தினாள், போன் போட்டாள். காலையில் பார்க்கலாம் என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. “இல்ல சார், நீங்க இப்போ வந்து பாக்கணும்” என்றாள், குரல் நடுங்கத்தான் செய்தது. வந்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நீர் பிரிய ஊசி போட்டார்கள். விடியும்போது அத்தை காபி கேட்டாள்.

மருத்துவமனை இதைச் சும்மா விடவில்லை. ‘நூலிழையில் தவிர்க்கப்பட்ட ஆபத்து’ என்று படிவம் நிரப்பி, கூட்டம் போட்டு, அடுத்த வாரமே வார்டு நர்சுகள் அத்தனை பேருக்கும் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பொருள்: மானிட்டரின் அலாரம் அளவுகளைச் சரியாக அமைப்பது எப்படி.