கம்பி கட்டுகிற கதை

கல்யாண மண்டபத்துக்குப் போனால் பந்திக்கு முந்துகிறவர்கள் உண்டு, முன்வரிசை நாற்காலிக்கு முந்துகிறவர்கள் உண்டு. என் மச்சினன் கார் நிறுத்துகிற இடத்துக்கு முந்துகிறவன். போன ஆவணியில் ஒரு நிச்சயதார்த்தம். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் வந்து இறங்கியவனைத் தட்டு மாற்றுகிற நேரத்தில் காணோம். தேடிப் போனால், பெண் வீட்டார் கார் ஒன்றின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் நின்ற பெரியவர் "ஐயோ, யாரோ அடிபட்டுட்டாங்க" என்று பதறிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து குரல் வந்தது: "மாமா, இருபத்திமூணு எம்.எம்.! கம்பெனியிலயே இருபத்திமூணு போட்டிருக்கான்!"

மற்றவர்கள் சீப்பு வைத்துக்கொள்ளும் பையில் இவன் வெர்னியர் வைத்திருக்கிறான்.

கோயம்புத்தூரில் இந்த வகையறாவுக்குப் பஞ்சமில்லை. ஊரின் வாகு அப்படி. செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிறது. 2005இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியதிலிருந்து, வீட்டுக்கு ஒருவராவது கியர் மாற்றும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறார்கள். இவர்களுக்குள் பல கட்சி. சைலன்ஸர் கட்சி, லைட் கட்சி, ஸ்டிக்கர் கட்சி. இவர்கள் செலவழித்ததெல்லாம் தெருவுக்கே தெரியும், கேட்கும். கம்பிக் கட்சிக்காரன் பாடுதான் பரிதாபம். அவன் போட்ட பணம் வண்டிக்கு அடியில், சேற்றுக்குள், யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கிறது. ஆகவே அவன் வாயால் சொல்லியே தீரவேண்டியிருக்கிறது. என் மச்சினன் சொல்லிக்கொண்டே இருப்பதை நான் மன்னித்துவிட்டது இந்த ஒரு காரணத்தால்தான்.

அந்தக் கம்பிக்கு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டெபிலைசர் ராடு என்று பெயர். மச்சினன் ஸ்வே பார் என்பான், விருந்தாளி வந்திருந்தால் ஆன்ட்டி ரோல் பார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் குறுக்கே இணைக்கிற வளைந்த இரும்புக் கம்பி, அவ்வளவுதான். வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கம் சாயும், ஒரு சக்கரம் மேலே ஏறும், மற்றது கீழே தொங்கும். நடுவில் மாட்டிக்கொண்ட கம்பி முறுக்கேறி, "அவ்வளவு சாயாதே" என்று இழுத்துப் பிடிக்கும். ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பிக்கு வேலையில்லை, புஷ்ஷுக்குள் சும்மா சுழன்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால்தான் வினை. அந்தக் குலுக்கலில் ஒரு பங்கை மற்றதற்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கல்யாணம் பண்ணி வைத்த மாதிரி. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட எங்கள் ஊர் வீதிகளில் கம்பியைத் தடிமனாக்குகிறவனை என்ன சொல்ல? பின் சீட்டில் உட்காரும் என் மாமியாரின் இடுப்பு நிறையச் சொல்லும்.

"முன்னாடி தடிச்சா மூக்கு ஓடும், பின்னாடி தடிச்சா வாலு சுத்தும்." இதுதான் அவனுடைய ஆத்திசூடி. அவனுடையது வெள்ளை ஸ்விஃப்ட். முன் சக்கரமே இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும் என்கிற வண்டிகளை வளைவில் வேகமாக விட்டால், ஸ்டீயரிங் திரும்பினாலும் மூக்கு நேரே ஓடப் பார்க்கும். பின்னால் கம்பி கட்டினால் சுமையில் ஒரு பங்கைப் பின்பக்கம் வாங்கிக்கொள்ளும், முன்பக்கம் இளைப்பாறி ஒழுங்காகத் திரும்பும். இதை ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் விளக்கிக்கொண்டிருந்தான். "இதுல ரகசியம் என்னன்னா மாமா, வளைவுல உள்பக்கச் சக்கரத்துல இருந்து வெளிப்பக்கத்துக்குப் போற மொத்த வெயிட்டு எந்தக் கம்பி போட்டாலும் மாறாது. வண்டியோட உயரம், அகலம், வேகம், இதுதான் அதைத் தீர்மானிக்கும். கம்பி பண்றதெல்லாம், அதுல முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பங்கு பிரிக்கறது."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, நகைச் சீட்டுப் பணத்தை எடுத்து வண்டிக்குப் போட்டீங்களே, அந்த மாதிரிங்களா?"

"கரெக்ட்! அதேதான்!" என்றான் சந்தோஷமாக. அடி விழுந்தது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது, அவனைத் தவிர.

பின்னால் போடுவது இருபதா, இருபத்திரண்டா? இந்தக் கேள்வியில் இரண்டு மாதம் போயிற்று. வெறும் இரண்டு எம்.எம். வித்தியாசம்தானே, பத்தில் ஒரு பங்கு என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. கம்பியின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்காக ஏறுமாம். 1.1ஐ நான்கு தடவை பெருக்கினால் 1.46. பத்து சதவீதம் தடித்தால் நாற்பத்தாறு சதவீதம் விறைக்கும். குழாய்க் கம்பி போட்டால் இன்னும் வேடிக்கை: நடுவில் பாதி விட்டத்துக்குத் துளை போட்டால் எடையில் கால் பங்கு போய்விடும், விறைப்பில் போவது ஆறு சதவீதம்தான். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டே காட்டினான். தப்பில்லை, நானும் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன்.

கடைசியில் இருபத்திரண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கம்பியைவிடச் சுங்க வரி தடிமன் என்று தெரிந்ததும் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் ஒரு சாதாரண ராடை எடுத்து, "இதையே வளைச்சுக் குடுத்தறேனுங்க, கெட்டியா நிக்கும்" என்றார். மச்சினன் விடவில்லை. விறைப்பு எந்த இரும்பானாலும் ஒன்றுதான் என்பதை அவனே ஒத்துக்கொள்வான். ஆனால் சாதா இரும்பை அளவுக்கு மேல் முறுக்கினால் முறுக்கியபடியே நின்றுவிடும், ஸ்பிரிங் ஸ்டீல்தான் விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். பட்டறைக்காரர் உடனே பிடித்துக்கொண்டார். "புரிஞ்சுதுங்க. ஒண்ணு முறுக்கிட்டே நிக்கிற மாப்பிள்ளை, இன்னொண்ணு முறுக்கிட்டுப் போனாலும் பந்திக்கு வந்தர்ற மாப்பிள்ளை." பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை.

மாட்டிவிடுகிற மெக்கானிக் மட்டும் ஆரம்பத்திலேயே முட்டுக்கட்டை போட்டார். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "தம்பி, முன்னாடி கடகடங்குதே, கேக்கலையா? கம்பியைச் சக்கரத்தோட சேர்க்கிற லிங்க் ராடு ரெண்டும் லொடலொடன்னு ஆடுது. இருக்கிற கம்பியே வேலை செய்யல, புதுக் கம்பி என்னத்துக்குங்க?" என்றார். மச்சினனுக்கு முகம் சுண்டிவிட்டது. லிங்க் ராடு மாற்றியதும் வண்டி முக்கால்வாசி சரியாகிவிட்டது என்பது என் கட்சி. அதை இன்றுவரை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு முன்னால் இருந்த ரப்பர் புஷ்ஷைக் கழற்றிப் பாலியூரித்தேன் போட்டான். அதற்கு கிரீஸ் காய்ந்தால் கீச்சென்று கத்தும். இப்போது அவன் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுகிறார்கள்.

செட்டிபாளையம் டிராக்கில் பணம் கட்டி ஒரு நாள் ஓட்டினான். வளைவில் அவன் வண்டியின் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி நிற்கிற படம் ஒன்று கிடைத்தது, நாய் கம்பத்தைக் கண்ட கோலம். பின் கம்பி விறைப்பாக இருந்தால் அந்தச் சக்கரத்துக்குச் சுமையே மிஞ்சாது, அதனால்தான் தூக்குகிறது. கைபேசித் திரையில் மகள் படம் இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்தது.

அடுத்து ஒரு மழைநாள். மார்க்கெட்டிலிருந்து தக்காளிக் கூடையோடு வந்தவன் ரவுண்டானாவில் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டான். வால் சுற்றி, வண்டி வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை, கூடை மட்டும் சட்னி. எனக்குத்தான் முதல் போன். "மாமா, வாலு சுத்துச்சு! நான் சொன்ன கணக்கு அப்படியே நடந்துச்சு!" மறுநாளே இருபத்திரண்டைக் கழற்றி இருபது போட்டான். தக்காளிக்கு யாரிடமும் அனுதாபம் கேட்கவில்லை.

வக்கீல் நண்பர் ஒருவர், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது, பார்த்து என்று பயமுறுத்தினார். பதிவுச் சான்றிதழ் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது அது. மச்சினன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் படித்தான். நிறம் இருக்கிறது, சீட் இருக்கிறது, எடை இருக்கிறது. "கம்பிக்கு இதுல கட்டமே இல்லீங்களே!" வாகன ஆய்வாளரிடம் இதே வாதத்தை வைத்தால் எண்ணுவதற்கு வேறு கம்பி கிடைக்கலாம் என்று வக்கீல் சொன்னார்.

போன மாதம் வால்பாறை. "நாப்பது கொண்டை ஊசி வளைவு மாமா. இன்னிக்குத் தெரிஞ்சுரும்" என்றான். பின் சீட்டில் மாமியார், கையில் எலுமிச்சம்பழம். "அம்மா, அதை வெளியே போடுங்க. வண்டி சாயாது, குமட்டாது." அவர் பழத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆழியாறு தாண்டியதும் முன்னால் ஓர் அரசுப் பேருந்து. உள்ளே நிற்கக்கூட இடமில்லை. ஒவ்வொரு வளைவிலும் அது பாரத்தோடு ஒரு பக்கமாக அசைந்து சாய, டிரைவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கை வளைத்துக்கொண்டு, மறு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அதன் பின்னால், கட்டை வண்டி வேகத்தில், எட்டு வளைவு. ஸ்டீயரிங்கில் மச்சினன் விரல்கள் தாளம் போட்டன. "சாயலை பாத்தீங்களாம்மா?" "பஸ்ஸு சாயறதைப் பாத்துட்டிருந்தேன் கண்ணு. நல்லாத்தான் ஓட்டறாரு."

9/40 என்று பலகை வைத்த வளைவில் வண்டியை ஓரம் கட்டினான். பின்னால் ஏதோ சத்தமாம். துண்டை விரித்து அடியில் போய்விட்டான். கீழே ஆழியாறு அணை தெரிகிற இடம் அது, நாலைந்து குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாரும் மேலே கைகாட்டினார்கள். செங்குத்துப் பாறையில், கால் வைக்க இடம் எங்கே என்றே தெரியாத விளிம்பில், ஒரு வரையாடு நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது.

"மாப்ளே, வெளிய வா. வரையாடு!"

"எங்க நிக்குது?"

"நட்டுக்குத்தா பாறை மேல."

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. "எந்தப் பக்கம் சாஞ்சிருக்குங்க?"

"சாயவே இல்லை."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"மாமா, பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க."