சமதரையில் நடத்தல்

குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைக்கும் சத்திரசிகிச்சை சிறிய சத்திரசிகிச்சை வகையைச் சேர்ந்தது. மலையகத்தில் ஓர் ஒப்பரேசனின் அளவு, நோயாளியோடு வேனில் ஏறியவர்களின் தொகையைக் கொண்டு முடிவாகிறது. நான்கு பேருக்கு மேல் ஏறி, பிளாஸ்க்கும் தலையணையும் கூடவே போயிருந்தால் அது பெரியது. நோயாளி தானே பஸ்ஸில் போய், ஒரு ஷொப்பிங் பையோடு மறுநாள் திரும்பினால் அது சிறியது. சிறிய ஒப்பரேசன்காரருக்கு அனுதாபம் கிடையாது, ஆலோசனை உண்டு. அவர் உடற்பயிற்சிக்குப் பத்திரமாகத் திரும்பும் முறை கீழே வரிசையாகக் கூறப்படுகிறது. ஓடத் தொடங்குவதற்குரிய சரியான நாள் இறுதியில் தரப்படும்.

முதலில் காயம். தோல் ஏழு முதல் பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். பார்க்க வருகிறவர்கள் பார்ப்பது இந்தத் தோலைத்தான். முதல் வார முடிவில் அந்த இடத்தின் வலு, வெட்டுப்படாத தோலின் வலுவில் நூற்றுக்குச் சில வீதமே இருக்கும். மூன்றாம் வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 80 வீதம். அதற்குமேல் பெரிதாக ஏறுவதில்லை. அவசரத்துக்குப் போட்ட மெல்லிய கொலாஜன் நாரை உடல் கொஞ்சங் கொஞ்சமாகக் கழித்துவிட்டு, தடித்த நாரை வரிசையாகக் கட்டுகிறது. மண் சரிந்த ரோட்டோரத்தில் முதலில் மண்மூட்டை அடுக்கிவிட்டுப் பிறகு கல்மதில் கட்டுவார்களே, அந்த வேலை. மூட்டை அடுக்கிய அன்றே அதன்மேல் லொறி விடலாமா என்று கேட்பவனைத் தோட்டத்தில் யாரும் மதிப்பதில்லை. "காயந்தான் காஞ்சு போச்சே, இன்னும் என்ன வீட்டுல?" என்று கேட்பவருக்கு மட்டும் நாற்காலி போட்டுப் பிளேன்டீ கொடுக்கிறார்கள்.

படுத்தே கிடப்பதும் ஆபத்து. அசையாத கெண்டைக்காலில் இரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். இத்தாலியின் பாதுவா நகரில் எதுவார்தோ பசினி 1880களில் குடலிறக்கத்தை ஒழுங்காகத் தைக்கும் முறையைக் கண்டபோது, நோயாளியை வாரக்கணக்கில் படுக்கவைப்பதே வழக்கம். சிக்காகோவில் எமில் ரீஸ் 1899இலேயே நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவிட்டு அதைப் பற்றி எழுதினார், யாரும் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டில்கள் போதாமற் போனபோதுதான் எழுந்து நடப்பது விஞ்ஞானமாயிற்று. ரொறன்ரோவில் 1945இல் ஷோல்டைஸ் தொடங்கிய ஆஸ்பத்திரியில் நோயாளி மேசையிலிருந்து தானே இறங்கி நடப்பார். 1980களில் லிக்டென்ஸ்டைன் என்ற வைத்தியர் வலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆக, நடக்க வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியின் கையில் ஒரு கடதாசி தரப்படும். அதில் "சமதரையில், படிப்படியாக, ஒரு கிலோமீற்றர் வரை நடக்கவும்" என்றிருக்கும். எழுதியவர் காலிமுகத் திடலைப் பார்த்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். நமது ஊரான பொல்பிட்டியவில் படிப்படியாகத்தான் நடக்க முடியும், ஏனென்றால் எங்கு பார்த்தாலும் படி. ஒரு பக்கம் லக்ஷபான, நோர்ட்டன் பிரிட்ஜ் என்று ஏற்றம். மறுபக்கம் கித்துல்கலைக்கு இறக்கம். இந்த ஊர் நாட்டுக்குப் பயன்பட்டதே சமதரை இல்லாததால்தான். லக்ஷபான நீர்த்தேக்கத்துத் தண்ணீர் விழுந்து சுழலி சுற்றும் சமனல மின்நிலையம் 75 மெகாவாட்டோடு 1969இல் இங்கே இயங்கத் தொடங்கியது. பழுதுபார்த்த சுழலியைக்கூட முதல் நாளே முழுச் சுமைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். சுழலிக்கு ஆலோசனை சொல்ல மைத்துனர்கள் கிடையாது.

சமதரை தேடுவோருக்குரிய இடங்கள் வருமாறு. மலைநாட்டு ரயில்பாதை 44 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் ஏறுகிறது; நம் பக்கத்தில் அதுதான் சமதரை. ஆனால் அது தொலைவில் இருக்கிறது, ரயிலும் அதே வழியாகத்தான் வருகிறது. தோட்டத்து மைதானத்தில் பந்து தானாகவே ஓயாவுக்கு உருண்டுவிடும். மின்நிலைய முற்றம் தட்டையானது; வாசலில் காவலாளி உண்டு. மிஞ்சுவது லயத்து இஸ்தோப்பு.

வெள்ளைக்காரன் காலத்து லயக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. பன்னிரண்டு காம்பிரா ஒரு வரிசையில் இருந்தால் இஸ்தோப்பின் நீளம் 120 அடி. ஒரு கிலோமீற்றர் என்பது 3,281 அடி. அதாவது இருபத்தேழு நடையும் கொஞ்சமும். ஒவ்வொரு நடையிலும் பன்னிரண்டு வாசல். ஒரு கிலோமீற்றருக்கு 328 வாசல். காலிமுகத் திடலில் ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை வாசல் என்பதைக் கடதாசி எழுதியவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

முதலாம் வாசல்: "என்னா சேர், நடக்குறீங்களா?" நடப்பவரிடம் கேட்கப்படும் கேள்வி இது. இரண்டாம் வாசல்: "இப்படி நடக்காதீங்க சேர், தையல் விட்டுப்போகும்." மூன்றாம் வாசல்: "இப்படி மெதுவா நடந்தா எப்பச் சரியாகுறது?" நான்காம் வாசலில் ஒரு பாட்டி, கத்தரிக்காயும் இறாலும் கிரந்தி என்று எச்சரித்துவிட்டு, மத்தியானம் என்ன கறி என்று விசாரிப்பார். ஐந்தாம் வாசலில்தான் மூன்றாம் நாள் மச்சான் வருகிறார்.

மூன்றாம் நாள் மச்சான் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவருக்கும் இதே ஒப்பரேசன் நடந்தது. மூன்றாம் நாளே மலைக்குப் போய்விட்டார். சிலருடைய மச்சான் கவ்வாத்து வெட்டினார். சிலருடையவர் விறகு தூக்கினார். எட்டாம் வாசல்காரரின் மச்சான் சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறி இறங்கியே விட்டார். இவரை நேரில் பார்த்தவர் கிடையாது. ஒருவர் மஸ்கெலியாவில் என்பார், மற்றவர் கொழும்பில் கடையில் நிற்கிறார் என்பார். ஒன்பதாம் வாசலில் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டபோது, "அவரு போய் நாலு வருசமாச்சுங்க சேர்" என்று பதில் வந்தது. எதனால் என்று கேட்க நோயாளிக்குத் துணிவு வரவில்லை. நடை திரும்பும்போது அதே வாசல்கள் தலைகீழ் வரிசையில் வரும். மச்சானும் திரும்பி வருவார். இம்முறை இரண்டாம் நாளே மலைக்குப் போயிருப்பார்.

வாசலுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் ஒரு கிலோமீற்றருக்கு ஐந்தரை மணித்தியாலம். சென்ற செவ்வாய்க்கிழமை பதினான்காம் நடையில், பதினோராம் வாசலில், ஓய்வுபெற்ற ஆசிரியரான ஒரு நோயாளி "எனக்கு மச்சானே கிடையாது!" என்று சத்தம் போட்டார். தையல் இழுத்துப் பிடித்தது. இதை எழுதியவரே அந்த நோயாளி என்று வாசகர் சந்தேகப்பட்டால் மறுப்பதற்கில்லை.

இஸ்தோப்பால் ஒரு நன்மையும் உண்டு. பயிற்சியின் வேகம் சரியா என்று அறிய வைத்தியர்கள் பேச்சுச் சோதனை சொல்வார்கள்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. இச்சோதனை இங்கே 328 தடவை இலவசமாக நடக்கிறது.

அடுத்தது பாரம். நாலு முதல் ஆறு வாரம் வரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. தண்ணீர் நிறைந்த வாளி பத்துக் கிலோ. கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டுமே பன்னிரண்டரைக் கிலோ. பேரப்பிள்ளை என்ன நிறை என்று யாரும் சொல்வதில்லை, கையில் திணித்துவிடுகிறார்கள். உடற்பயிற்சிக்குத் திரும்புதல் என்ற தலைப்பே பென்சன்காரருக்கு உரியது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். பிள்ளைப்பேற்றைத் தடுக்க ஒப்பரேசன் செய்துகொண்ட பெண் திரும்புவது மலைக்கு. பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். அவள் ஏறும் சரிவை யாரும் பயிற்சி என்று எழுதுவதில்லை. அவளுக்கு ஐந்தாம் வாசலில் மச்சான் கதை சொல்வதற்கும் ஆள் இல்லை, எல்லாரும் மலையில்.

இருமலும் தும்மலும் பாரம் தூக்குவதற்குச் சமம். வரப்போகின்றன என்று தெரிந்தால் வயிற்றில் தலையணையை அமர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மலச்சிக்கலும் அவ்வாறே, சில வலிக் குளிசைகள் அதைக் கூட்டும். தண்ணீரும் கீரையும் போதும், 328 வாசல்களின் கைமருந்துகளும் தேவையில்லை. குனிவதற்கு முழங்காலை மடக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை கணுக்காலில் ஏறியதைக் கண்டால் இந்த விதி மறந்துபோகும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு இறங்குவது நல்லது.

காயம் சிவந்து சூடாதல், சீழ், காய்ச்சல், புதிய புடைப்பு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவை தோன்றினால் வைத்தியரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே போக வேண்டும். வாசல்களில் நிற்க வேண்டாம்.

இறுதியாக ஓட்டம். பொல்பிட்டியவில் ஓட்டம் என்பது பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது. வேறு வகை இங்கே இல்லை. வளைவில் ஹோர்ன் கேட்கும்போது நோயாளி இஸ்தோப்பின் இருபதாம் நடையில் இருந்தால், அவருக்கும் ரோட்டுக்கும் நடுவே எட்டு வாசலும் நாற்பத்திரண்டு படியும் இருக்கும். ஓட வேண்டிய நாள் வைத்தியரைப் பொறுத்தது. பஸ் வரும் நேரம் சாரதியைப் பொறுத்தது. சென்ற வெள்ளிக்கிழமை அந்த நோயாளி ஓடவில்லை. படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி ரோட்டுக்கு வந்தபோது பஸ் போயிருந்தது. தரிப்பிடத்துத் திண்ணையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "ஓடியிருக்கலாமே சேர்," என்றார். "எங்க மச்சான்..."