வாசலோடு சரி

எங்கள் மார்க்கம் நகரில் நவம்பர் பிறந்தால் தெருவில் எல்லோருக்கும் முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். பனி விழுவதற்கும் அதைத் தள்ளுவதற்கும் முன்பே வருகிற வலி. டொராண்டோ பக்கத்துத் தமிழர்களுக்கு மட்டுமில்லை, எதிர்வீட்டு சீனருக்கும் மூலைவீட்டு பஞ்சாபிக்கும் வருகிறது. நவம்பர் கடைசியில்தான் ஹாட் டப் தள்ளுபடி விளம்பரங்கள் வரும். விளம்பரத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்க, ஆவி பறக்கும் தொட்டியில் ஒரு ஜோடி ஒயின் கோப்பையும் கையுமாகச் சிரிக்கும். அவர்கள் இருவருக்கும் முதுகில் ஒரு குறையும் இல்லை என்பது பார்த்தாலே தெரியும்.

பெற்றோருக்கான சூப்பர் விசாவில் வந்திருந்த அப்பாவிடம் படத்தைக் காட்டினோம். கும்பகோணம் பக்கம் வயலும் வரப்புமாக வாழ்ந்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். “பம்புசெட்டுத் தொட்டிதானேடா இது? தண்ணிய மட்டும் சுட வெச்சிருக்கான்.”

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் வரலாறும் அவர் பக்கம்தான். ஹாட் டப்புக்குப் பலர் சொல்லும் ஜக்கூஸி என்பது இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன ஏழு சகோதரர்களின் குடும்பப் பெயர். முதலில் விமானத்துக்கு புரொப்பெல்லர் செய்தார்கள், பிறகு விமானமே செய்தார்கள். 1921இல் அந்த விமானம் விழுந்து சகோதரர்களில் ஒருவரும் இறந்துபோனார். விமானமே வேண்டாமென்று விட்டுவிட்டு, விவசாயக் கிணறுகளுக்கு ஜெட் பம்பு செய்ய ஆரம்பித்தார்கள். பின்னாளில் கேண்டிடோ என்ற சகோதரரின் மகனுக்குக் குழந்தையிலேயே முடக்குவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்க வேண்டும் என்று, குளியல் தொட்டிக்குள் இறக்குகிற மாதிரி சின்ன பம்பு ஒன்றைச் செய்தார் கேண்டிடோ. 1968இல் அதே குடும்பத்து ராய், பம்பையும் ஜெட்டையும் தொட்டியோடு சேர்த்தே விற்றார். ஆக, பம்புசெட்டுக்காரர்களேதான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை.

எங்கே வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. மகள் ஆன்லைன் கட்சி. ஆறு பேர் உட்காரும் தொட்டி ஆறாயிரம் டாலர், பத்தே நாளில் வீட்டுக்கு வரும், ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அதே அளவுக்கு உள்ளூர் டீலர் சொன்னது பன்னிரண்டாயிரம், 13 சதவீத வரி தனி. வித்தியாசத்தில் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வந்துவிடலாம். காற்றடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றையும் சில நூறு டாலருக்குக் காட்டினாள். அது கனடாவின் ஜனவரிக்கு ஆகாது என்று அதன் பெட்டியிலேயே போட்டிருந்ததால் பேச்சு அங்கேயே முடிந்தது. மனைவி டீலர் கட்சி. தி.நகரில் பேரம் பேசிப் பழகியவளுக்கு, விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க ஆள் இல்லாத கடை ஒரு கடையே இல்லை.

விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஆன்லைனில் வாங்கியது வந்து இறங்கிவிட்டது. பருத்தித்துறைக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர். என்னை வேலிக்கு மேலாகக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒருக்கா இஞ்சால வாங்கோ. ஒரு சின்ன வேலை.”

சின்ன வேலை அவர் டிரைவ்வேயில் ஏழடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. ‘கர்ப்சைடு டெலிவரி’ என்று பில்லில் பொடி எழுத்தில் இருப்பதற்கு, லாரிக்காரர் உங்கள் வாசலோடு சரி என்று பொருள். லாரியின் பின்தட்டில் வைத்து இறக்கினார், கையெழுத்து வாங்கினார், “என்ஜாய்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் இல்லாமலேயே 350 கிலோ. அது போக வேண்டிய இடம் பின்தோட்டம். எங்கள் பேட்டையில் இரண்டு வீடுகளுக்கு நடுவில் இருப்பது நாலடிச் சந்து. அந்த நாலடியிலும் சுவரிலிருந்து காஸ் மீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும்.

அண்ணன் ஆள் திரட்டினார். கோயில் நண்பர்கள், மருமகனின் கிரிக்கெட் டீம், நான், எதிர்வீட்டு சீனர். பிவிசி குழாய்களை அடியில் போட்டு உருட்டினோம். முன்னால் இழுக்கப் பத்துப் பேர், பின்னால் முட்டுக்கட்டை போட ஒருவர், ஓரமாக நின்று “இடப்பக்கம், இடப்பக்கம்” என்று கத்துவதற்கு மட்டும் நாலு பேர் என்று அது அச்சாகத் தேரோட்டம்தான். ஒரே வித்தியாசம், தேர் நிலைக்கு வந்து சேரும். இது காஸ் மீட்டர் வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. ஓர் அங்குலம் இடிக்கிறது. மீட்டரை நகர்த்த காஸ் கம்பெனி வரவேண்டும், தொட்டியை இளைக்க வைக்க யாராலும் முடியாது. வந்தவர்கள் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

கடைசியில் கிரேன்தான் வந்தது. தொட்டி கூரைக்கு மேலே வானத்தில் ஆடிக்கொண்டு போனபோது தெருவே வெளியில் நின்று பார்த்தது. அண்ணி மட்டும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு “நல்லூர்க் கந்தா, கூரை... கூரை...” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகு எலக்ட்ரீஷியன். இந்த அளவுத் தொட்டிக்கு 240 வோல்ட், 50 ஆம்பியர் தனி லைன், ஷாக் அடித்தால் தானே அணைந்துபோகிற பிரேக்கர், ஒன்டாரியோவின் மின் பாதுகாப்பு ஆணையத்தில் அனுமதி எல்லாம் வேண்டும். கிரேன் கூலி, மின்வேலை, அடியில் போட்ட கான்கிரீட் எல்லாம் சேர்ந்து மொத்தம் என்ன ஆயிற்று என்று அண்ணனிடம் கேட்டேன். வாழ்நாளெல்லாம் கணக்கெழுதியவர், வானத்தைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் மகள் மறுநாளே கட்சி மாறினாள்.

டீலர் என்றால் தெய்வம் என்று நினைத்துவிட வேண்டாம். ஷோரூமில் இருந்த இருபது தொட்டியில் ஒன்றில்கூட விலை ஒட்டியிருக்கவில்லை. கேட்டால், “உங்கள் பட்ஜெட் என்ன?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். நம் முகத்தைப் பார்த்து விலை சொல்கிற வித்தை மாம்பலம் மார்க்கெட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. எங்களுக்கு வாய்த்த விற்பனையாளர் ஜெட் எண்ணிக்கையிலேயே நின்றார். இதில் நாற்பது, அதில் அறுபது, ஓரத்தில் இருப்பதில் நூறு. பம்பு ஒன்றே என்றால், ஜெட் கூடக் கூட ஒவ்வொன்றிலும் வேகம் குறையும். நாலு பேருக்கு ஊற்ற வேண்டிய ரசத்தை நாற்பது பேருக்கு ஊற்றுவதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? பார்க்க வேண்டியது ஜெட்டை அல்ல, உள்ளே அடைத்திருக்கும் ஃபோமையும் மேலே மூடுகிற மூடியையும். குளிர்காலத்தில் கரண்ட் பில்லைத் தீர்மானிப்பவை அவைதான். விளம்பர ஜோடி ஒருநாளும் மூடியைக் கையால் தொட்டதில்லை.

அப்புறம் ‘வெட் டெஸ்ட்’ என்றார். தனி அறையில் தண்ணீர் நிரப்பிய தொட்டி இருக்கிறது, நீச்சல் உடையோடு குடும்பமாக வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கலாமாம். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் 40 டிகிரித் தண்ணீரும் உறைந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டும் தொப்பியுமாகக் காலித் தொட்டியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். அப்பாவுக்கு மூலை இருக்கை பிடித்திருந்தது. ஆனால் சூடு 40 டிகிரிக்கு மேல் போகாது, உடம்புக்கு ஆபத்து என்று பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் முகம் வாடிவிட்டது. “அது வெந்நீர் இல்லடா, வெதுவெதுப்பு.”

பேரத்தை மனைவி முடித்தாள். இரண்டு முறை கார் வரைக்கும் நடந்தாள், இரண்டு முறையும் அவர்கள் பின்னாலேயே வந்தார்கள். விலை கொஞ்சம் இறங்கியது. ஏறும் படி, மூடி தூக்கும் கம்பி, ஓராண்டுக்கு புரோமின் எல்லாம் இனாம். ஆனால் தொட்டி வர ஜனவரி ஆகும் என்றார்கள்.

முன்பணத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒருவர் டேப்போடு வீட்டுக்கு வந்தார். சந்தின் அகலத்தை அளந்தார், காஸ் மீட்டரை அளந்தார், கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்தார், பேஸ்மென்டில் மின்பெட்டியைத் திறந்து முனகினார். “இந்த மாடல் போகாது, இரண்டங்குலம் ஒல்லியானதைத் தருகிறேன்” என்றார். தண்ணீரும் ஆட்களும் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு டன் வரும், தளத்தை இப்படிப் போடுங்கள் என்று படமும் வரைந்து கொடுத்தார். டீலர் விலையில் அந்த டேப்காரரும் சேர்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்களது வரும்வரை அப்பா சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனோடு சிநேகமாகி, அவர் தொட்டிக்குப் போக வர ஆரம்பித்தார். சனிக்கிழமைகளில் தவறாமல்.

ஜனவரி நடுவில், வெளியே மைனஸ் இருபதில், அண்ணனின் தொட்டி சூடாக மறுத்தது. திரையில் ‘எஃப்எல்ஓ’ என்று மின்னியது. உதவி எண்ணைக் கூப்பிட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு மணி நேரம் சங்கீதம் வாசித்துவிட்டு, பாகம் அனுப்புகிறோம், மாட்டுவதற்கு ஆளை நீங்களே பாருங்கள் என்றார்கள். ஊர் டீலர்களோ, தாங்கள் விற்காத தொட்டியைத் தொடுவதில்லை என்றார்கள். தண்ணீர் உறைந்தால் குழாயெல்லாம் வெடித்துவிடும். பாவம், அண்ணன் ராத்திரி முழுக்க ஒரு சின்ன ஹீட்டரைத் தொட்டியின் வயிற்றுக்குள் வைத்துக் காவல் இருந்தார்.

மறுநாள் எங்கள் தொட்டியை இறக்க வந்த டேப்காரரை அண்ணன் அப்படியே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஃபில்டரை உருவினார், மூக்கருகே கொண்டுபோனார்.

“இதில் யாராவது நூடுல்ஸ் கொட்டினீர்களா? எள்ளெண்ணெய் வாசம் அடிக்கிறதே.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா கிரேன் வந்துபோன வானத்தைப் பார்த்தார். சனிக்கிழமை நல்லெண்ணெய் உச்சி முதல் பாதம் வரை போய், அங்கிருந்து ஃபில்டரின் மடிப்புகளில் ஏறித் தண்ணீரின் வழியை அடைத்திருந்தது. புது ஃபில்டரை மாட்டியதும் தொட்டி சூடாகிவிட்டது.

வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் சந்து, காஸ் மீட்டர், கூரை விளிம்பு மூன்றையும் அளந்துவிடுங்கள். 40 அங்குலம் தாராளமாக இருந்து, வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவரும் இருந்தால் ஆன்லைனிலேயே வாங்குங்கள், கணிசமாக மிச்சமாகும். இல்லையென்றால் டீலரிடம் போய், கார் வரைக்கும் இரண்டு முறை நடங்கள். எங்கே வாங்கினாலும் ஃபில்டர் மட்டும் கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள், வீட்டுக்கு அப்பா வருவார்.